அழுகை எங்கே ஆரம்பிக்கும்?

கோவில்பட்டிப் பிள்ளையின் கோடு மறுபடியும் ஏறியிருந்தது. நிலோஃபர் டீயை ஆற்ற மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகளின் கோடுகளெல்லாம் வாரத்துக்கு வாரம் சாய்ந்துகொண்டே வந்தன. இது ஒன்று மட்டும் பிடிவாதமாக மேலே போனது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு நிலோ?” டாக்டர் வசுமதி பின்னால் வந்து நின்றிருந்தார். “நான் வச்ச குழாய் பிடிக்கலைன்னு அர்த்தம். இன்னொரு பக்கமும் திறந்துட வேண்டியதுதான்.”

திறப்பது என்று அவர் சொன்னது மண்டை ஓட்டை. சொல்லும்போது அவர் முகமும் நன்றாக இல்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் செண்பகவல்லி. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் மண்டைக்குள் நுழைகிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகிற நோய் அவளுக்கு. மிகவும் அபூர்வமானது. ரத்தம் போதாமல் தவிக்கிற மூளை, தானாகவே நூல் நூலாகப் புதுக் குழாய்களை முளைக்கவைத்துக்கொள்ளும். படம் எடுத்துப் பார்த்தால் அந்த நூல்களெல்லாம் சேர்ந்து ஊதுவத்திப் புகை மாதிரி தெரியும். முதலில் கண்டுபிடித்த ஜப்பான்காரர்கள், புகை மாதிரி என்று பொருள்படும்படி மோயமோயா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

புகையை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டால் போதும், ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். அது குறைந்தால் மூளையின் குழாய்கள் இன்னும் சுருங்கும். பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பேச்சு குழறும், ஒரு பக்கம் தொய்ந்துபோகும். சில நேரம் சற்றுப் பொறுத்துச் சரியாகும், சில நேரம் சரியாகவே ஆகாது. தாத்தாக்களுக்கு வருகிற பக்கவாதம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வந்து நிற்கும். அதனால் இந்தப் பிள்ளைகள் பலூன் ஊதக் கூடாது. ரசத்தை ஊதிக் குடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேம்பித் தேம்பி அழக் கூடாது.

ஒரு பிள்ளையிடம் போய் அழாதே என்று சொன்னால் என்ன செய்யும்? உடனே அழும். அதற்காகத்தான் அந்தப் பட்டை.

கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிற மெத்தென்ற துணிப் பட்டை அது. உள்ளே இருக்கும் உணரிகள் மூச்சையும் கழுத்து வழியே ஏறும் ரத்தத்தையும் ஓயாமல் கவனிக்கும். நெஞ்சு விம்மத் தொடங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து, கழுத்தில் ஓடும் ஒரு நரம்பை மின்சாரத்தால் லேசாகத் தட்டிவிடும். மூச்சு அடங்கும். நெஞ்சு இறங்கும். அழ வந்த பிள்ளை, எதற்கு அழ வந்தோம் என்பதுபோல் விழித்துவிட்டு விளையாடப் போய்விடும். தலைத்தோலில் ஓடும் ஒரு ரத்தக்குழாயைத் திருப்பி மூளையின்மேல் படரவிட்டு டாக்டர் வசுமதி செய்கிற அறுவை சிகிச்சை வேர் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். சில பிள்ளைகளுக்கு வருடக்கணக்கிலும் ஆவதுண்டு. அதுவரைக்கும் பட்டைதான் காவல். அதை உருவாக்கிய குழுவில் நிலோஃபரும் ஒருத்தி. பட்டையைத் தயாரிக்கும் நிறுவனம் அவளை ஆஸ்பத்திரியிலேயே அமர்த்தியிருந்தது. ஆம்பூரில் இருக்கும் அவள் அம்மா, மகள் மதுரை ஆஸ்பத்திரியில் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், “பிள்ளைங்க அழாம பாத்துக்கறா” என்றுதான் சொல்வாள்.

பட்டை எத்தனை முறை தட்டியது என்பதுதான் திரையில் ஓடும் கோடு. குழாய் வேர் பிடிக்கப் பிடிக்க, பட்டைக்கு வேலை குறைய வேண்டும். செண்பகவல்லிக்குப் பாதி வருடமாகக் கூடிக்கொண்டே போகிறது. அதுவும் அவள் ஓடவில்லை, ஆடவில்லை. அசையாமல் இருக்கும்போதே பட்டை தட்டுகிறது.

“சும்மா இருக்கும்போதே ரத்தம் பத்தலைன்னா, அதைவிட மோசமான அறிகுறி கிடையாது,” என்றார் டாக்டர். “படம் எடுக்க வரச் சொன்னா அவங்கப்பா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கார். அடுத்த வாரம் கட்டாயம் வரணும்னு சொல்லிட்டேன். படம் எடுத்த கையோட ஆபரேஷன்.”

“ஆனா ஒரு நாள்கூடப் பேச்சு குழறலை, கை தொய்யலைன்னு சொல்றார் டாக்டர். ரத்தம் நிஜமாவே குறைஞ்சா ஏதாவது தெரியணும் இல்லையா? அதுக்கு முன்னாடி நான் ஒருதடவை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். பட்டையிலயே கோளாறா இருக்கலாம்.”

“கோளாறா இருந்தா எனக்குச் சந்தோஷம்தான். போயிட்டு வா.”

மறுநாள் மதியம் நிலோஃபர் கோவில்பட்டியில் இறங்கினாள். எட்டயபுரம் சாலையில் செண்பகவல்லியின் அப்பா சங்கரபாண்டி பேட்டரி மாற்றும் கடை வைத்திருந்தார். தீர்ந்த பேட்டரியோடு வரும் ஆட்டோக்கள் வரிசையில் நிற்கும். அவர் அதைக் கழற்றி அடுக்கில் செருகிவிட்டு, சார்ஜ் ஏறியதை மாட்டி அனுப்புவார். அந்த வெயிலிலும் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக அவர் வரவேற்றார்.

“வாங்க மேடம். பாப்பா ஸ்கூல் விட்டு இப்ப வந்துருவா. மாடியிலதான் வீடு. அக்கா இருக்கா, போங்க.”

மாடியில் கதவைத் திறந்தவர் அவருடைய அக்கா கோமதி. நிலோஃபரை உட்காரச் சொல்லிவிட்டு டீயும் ஒரு தட்டு நிறைய காராச்சேவும் கொண்டுவந்து வைத்தார். சுவரில் மாலை போட்ட படம் ஒன்று மாட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட இளம் பெண். ஆஸ்பத்திரிக்குச் செண்பகவல்லியைத் தூக்கிக்கொண்டு வந்துபோன அம்மா அவள்தான். நிலோஃபருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எப்ப இது?”

“ஆடியில, தாயி. டெங்கு. நாலே நாள் காய்ச்சல். சொல்லலையா உங்ககிட்ட?”

ஆடி. கோடு ஏறத் தொடங்கியதும் ஆடியில்தான்.

“யாருமே சொல்லலைம்மா.”

“என்னத்தச் சொல்ல?” கோமதி தரையில் உட்கார்ந்தார். ரொம்ப நாளாக யாரிடமாவது கொட்ட வேண்டும் என்று இருந்திருப்பார் போலிருக்கிறது. “பெத்தவ நடுவீட்டுல கெடக்கா. பொம்பளைகெல்லாம் கூடி ஒப்பாரி வைக்குதாக. இவ தலமாட்டுல உக்காந்து ஆத்தா மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கா, பாடம் படிக்கிற மாதிரி. ஒரு சொட்டுக் கண்ணீர்? ம்ஹூம். ‘இது பிள்ளையா பொம்மையா’ன்னுட்டா ஒருத்தி. இன்னொருத்தி வந்து பட்டையில கைய வச்சு, ‘கழட்டுங்கடி இத, பிள்ள ஒரு பாட்டம் அழுதுட்டுப் போகட்டும்’னு இழுக்கா. எந்தம்பி ஓடியாந்து அவ கையத் தட்டிவிட்டான் பாருங்க, அன்னைக்கு வீடே ரெண்டு பட்டுப் போச்சு. அதுலேருந்து அவ தாய்வீட்டு ஆளுக யாரும் எங்க வாசப்படி மிதிக்கிறதில்ல.”

“கழட்டியிருந்தா ஆபத்துதானம்மா. உங்க தம்பி செஞ்சதுதான் சரி.”

“சரிதான். எனக்கும் தெரியும். ஆனா தாய் செத்ததுக்கு அழாத பிள்ளைய ஊரு எந்தக் கண்ணால பாக்கும்? அவகூட விளையாட வந்த பிள்ளைகளையே ஒண்ணு ரெண்டு பேர் நிறுத்திட்டாக. கல்லுமனசுக்காரின்னு பேரு.” அவர் குரல் தாழ்ந்தது. “சில நேரம் எனக்கே பயமா இருக்கும் தாயி.”

அப்போது படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. “மெதுவா ஏறுட்டி!” என்று கோமதி கத்தி முடிப்பதற்குள் செண்பகவல்லி உள்ளே வந்துவிட்டாள். ஒல்லியான பிள்ளை. அறுவைத் தழும்பை மறைக்கத் தலையை ஒருபக்கமாக வாரியிருந்தாள். நிலோஃபரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அலமாரியிலிருந்து புதுச் சார்ஜ் ஏறிய பட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். அதன் பிறகுதான் பழையதைக் கழற்றினாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பட்டை கொடுத்திருந்தார்கள், ஒன்று கழுத்தில் இருக்கும்போது இன்னொன்றைச் சார்ஜ் போட.

“அப்பாகிட்ட குடுத்துட்டு வாரேன். கடையிலதான் சார்ஜ் போடுவோம்” என்று இறங்கிப் போய், வந்த வேகத்தில் திரும்பி வந்தாள். நிலோஃபருக்கு எதிரே உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீங்கதான் இதைச் செஞ்ச அக்காவா?”

“நிறையப் பேர் சேர்ந்து செஞ்சோம். நானும் இருந்தேன்.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அழுகை எங்க ஆரம்பிக்கும்?”

நிலோஃபர் சிரித்துவிட்டாள். பிள்ளை சிரிக்கவில்லை. அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது.

“ஏன் கேக்கறே?”

“எனக்கு இங்க ஆரம்பிக்கும்.” நெஞ்சுக்குழியில் விரலை வைத்தாள். “கல்லு மாதிரி. அது மேல மேல வரும். இங்க வந்ததும் பட்டை குறுகுறுங்கும். அவ்வளவுதான், போயிரும். அம்மா ஞாபகம் இருக்கும், ஆனா கல்லு இருக்காது. அந்தக் கல்லு மேல போனா என்ன ஆகும்னு பாக்கணும். அதுக்குத்தான் மொட்டைமாடியில உக்காந்து செஞ்சு பாக்கேன்.”

“என்ன செஞ்சு பார்க்கறே?”

“அம்மா மூஞ்சிய நெனச்சா உடனே பிடிச்சிரும். அம்மா என்னைக் கூப்பிடுத மாதிரி நெனச்சா அதுவும் உடனே. ஆனா அக்கா, அம்மா கண்ணாடியத் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டு அதையே வீடெல்லாம் தேடுவாக. அதை நெனச்சா மொதல்ல சிரிப்பு வரும். பட்டை ஏமாந்துரும். அப்படியே கொஞ்ச தூரம் போகலாம். அதுக்கப்புறந்தான் பிடிக்கும்.” குரலைத் தாழ்த்தினாள். “அத்தைக்குத் தெரியாது.”

“எனக்கு எல்லாம் தெரியும்ட்டி” என்றார் கோமதி அடுப்படியிலிருந்து. அந்தக் குரல் ஒரு மாதிரி இருந்தது.

நிலோஃபர் இந்தப் பட்டையைப் பற்றி எத்தனையோ மாநாடுகளில் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். நரம்பு, அழுத்தம், அலைவரிசை எல்லாம் கேட்பார்கள். கல் மேலே போனால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

“கண்ணுல தண்ணி வரும்,” என்றாள் கடைசியில். “மூக்கு ஒழுகும். அழுது முடிச்சா தலை வலிக்கும்.”

“அவ்வளவுதானா?”

“அப்புறம் பசிக்கும்.”

செண்பகவல்லி வாயில் போடப்போன காராச்சேவை நிறுத்திவிட்டு யோசித்தாள். “பசிக்குமா?” அது அவள் எதிர்பாராத செய்தி.

நிலோஃபரின் மனம் லேசாகியிருந்தது. விஷயம் இவ்வளவுதான். குழாய் பிடிக்காமல் போகவில்லை. ஒரு பிள்ளை அழ முயற்சி செய்திருக்கிறது, பட்டை தன் வேலையைச் செய்திருக்கிறது. மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. டாக்டரை அழைக்கக் கைப்பேசியை எடுத்தவள், ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளலாம் என்று கேட்டாள்.

“தினமும் செஞ்சு பார்ப்பியா?”

“இல்லக்கா. அத்தை கோவிலுக்குப் போற வெள்ளிக்கிழமை மட்டுந்தான். மத்த நாள் மாடிக்கு விடமாட்டாக.”

கோடு வெள்ளிக்கிழமைகளில் மட்டுமா ஏறியது? தினமும் ஏறியது.

அவள் அதை யோசித்து முடிக்கவில்லை, கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. செண்பகவல்லி, கோவில்பட்டி. பட்டை இப்போது இயங்கியது.

நிலோஃபர் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே பிள்ளை காலை ஆட்டிக்கொண்டு காராச்சேவு தின்றுகொண்டிருந்தது.

“செண்பா, இப்ப குறுகுறுத்துதா?”

“இல்லையே.”

கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. பட்டைக்கு அது யார் கழுத்து என்று தெரியாது, கழுத்து என்று மட்டும்தான் தெரியும். அப்படித்தான் செய்திருந்தார்கள். இரண்டு பட்டைகளின் கணக்கும் பிள்ளையின் ஒரே கோட்டில்தான் சேரும். பிள்ளையின் பட்டையை வேறு யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்?

அவள் எழுந்து படி இறங்கினாள். கடை வாசலில் ஓர் ஆட்டோக்காரர் காத்துக்கொண்டிருந்தார். பேட்டரி அடுக்குகளுக்குப் பின்னால், சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு சங்கரபாண்டி நின்றிருந்தார். கண்கள் மூடியிருந்தன. மேல் பொத்தான் அவிழ்ந்திருந்தது. மகளுக்குப் போதுமான பட்டை அவர் கழுத்தில் கடைசி ஓட்டை வரை இழுத்து மாட்டியும் இறுக்கிப் பிடித்திருந்தது.

“சார்.”

அவர் கை சட்டென்று கழுத்துக்குப் போனது.

“பாப்பாவோடத எடுத்துட்டேன்னு நெனைக்காதீங்க மேடம். அவ கழுத்துல ஒண்ணு எப்பவும் இருக்கும். சார்ஜ் போடுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரந்தான்…”

“எப்பலேருந்து?”

“பதினாறு முடிஞ்சு கடை திறந்த அன்னைக்கிருந்து.” அவர் வாசல் பக்கம் பார்த்தார். “ஒரு ஆட்டோக்கார அண்ணன், விஷயம் தெரியாம, ‘எங்க மதினிய ஆளையே காணோம்’னு கேட்டுட்டார். எனக்கு அழுகை வந்தா சத்தமாத்தான் வரும் மேடம், சின்னதுலேருந்தே அப்படி. மேல பிள்ளை இருக்கா. நான் அழுததக் கேட்டா அவளும் அழுவா. பட்டை தடுத்துரும்னு தெரியும். ஒருவேளை தடுக்கலைன்னா? கையில இது இருந்துச்சு. மாட்டினேன். அதுக்கப்புறம் வரும்போதெல்லாம் மாட்டிக்கிட்டேன். அதான் உங்க ஆஸ்பத்திரிக்கு வரவும் பயம். பாத்ததும் கண்டுபிடிச்சிருவீங்களோன்னு.”

கண்டிக்க வேண்டும் என்றுதான் நிலோஃபர் வாயைத் திறந்தாள். ஆனால் கேட்டது வேறு.

“போட்டுக்கிட்டா எப்படி இருக்கு?”

கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அந்த நேரத்துக்கு நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு மேடம். எங்கப்பா செத்தப்பவும் அழுதேன். ஒரு மூணு மாசத்துல மனசு ஆறிடுச்சு. இது ஆறவே மாட்டேங்குது. தினமும் காலையில எந்திரிச்சா அவ நேத்துதான் செத்த மாதிரி இருக்கு. இத்தன மாசமாச்சு, ஒரு இம்மிகூடக் குறையலை. கூடத்தான் செய்யுது.”

“அப்பா.”

செண்பகவல்லி கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. சங்கரபாண்டி அவசரமாகப் பொத்தானைப் போட முயன்றார். அவள் கிட்டே வந்து, அப்பாவின் கழுத்தை அண்ணாந்து, ரொம்பவும் உன்னிப்பாகப் பார்த்தாள்.

“உங்களுக்கு எங்க ஆரம்பிக்குதுப்பா?”

அவர் நிலோஃபரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “வயித்துல.”

“எனக்கு இங்க. கல்லு மாதிரியா?”

“கல்லு இல்ல. யாரோ பிசையுத மாதிரி.”

“ஓ,” என்றாள் அவள். பல்வலியைப் பற்றிப் பேசிக்கொள்கிறவர்கள் மாதிரி அப்பாவும் மகளும் நின்று பேசினார்கள். நடுவில் ஒருமுறை நிலோஃபரின் கைப்பேசி அதிர்ந்தது. அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மூன்று பேரும் மதுரைக்கு வந்தார்கள். படம் எடுத்துப் பார்த்ததில், டாக்டர் வசுமதி படரவிட்ட குழாய் மூளையின் மேல் கொடி கொடியாக ஓடியிருந்தது. புகையின் அடர்த்தி குறைந்திருந்தது. அதாவது, மூளை இனிமேல் அதை நம்பியிருக்கவில்லை. டாக்டர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

“ஒரு நல்ல மண்டையைத் திறந்திருப்பேன் நிலோ. அப்பா துக்கத்துக்கு மகள் தலையை.”

“இதை நம்ம எழுதணும் டாக்டர். அடக்கிக்கிட்டே வந்தா ஆறறதில்லைன்னு அவர் சொன்னதை.”

“எழுதணும்தான். எழுதினா, பெரியவங்களுக்கும் இது வேலை செய்யுதுங்கறதை மட்டும் படிக்கிறவங்களும் இருப்பாங்க.”

அவர் சொன்னது அன்றைக்கே நடந்தது. அவள் அனுப்பிய அறிக்கையைப் பார்த்துவிட்டு, பட்டை தயாரிக்கும் நிறுவனத்திலிருந்து நிலோஃபரின் மேலதிகாரி ரகோத்தமன் அழைத்தார். “பெரியவங்க கழுத்துலயும் அவ்வளவு சுத்தமா வேலை செய்யுதாமே! நமக்குத் தோணவே இல்லையே!” குரலில் குதூகலம் வழிந்தது.

“வேலை செய்யுது சார். அதுதான் பயமா இருக்கு.” சங்கரபாண்டி சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் எதைக் கேட்டுக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளால் முடிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு பிள்ளையின் நாடித்துடிப்புக்கும் ஒரு தனி நடை உண்டு. அந்த நடை இருக்கும் கழுத்தில் மட்டுமே பட்டை இயங்கும்படி ஒரு பூட்டு எழுதினாள். ஆஸ்பத்திரி வற்புறுத்தியதால் நிறுவனமும் ஒத்துக்கொண்டது.

செண்பகவல்லிக்குப் பட்டையைக் கழற்றுகிற நாள் வந்தது. படம் எடுக்கிற கருவிக்கு அடியில் படுக்க வைத்து, வாழ்க்கையில் முதன்முறையாக அவளை வேகவேகமாக ஊதச் சொன்னார்கள். அவள் ஊது ஊது என்று ஊதினாள். திரையில் ரத்தம் அசராமல் ஓடியது. பரிசாக டாக்டர் கொடுத்த பலூன்களை எல்லாம் அங்கேயே ஊதிக் காட்டினாள். இரண்டு பட்டைகளையும் சங்கரபாண்டி தன் கையாலேயே மேசைமேல் வைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு செண்பகவல்லி நிலோஃபரைத் தனியே இழுத்துப் போனாள்.

“இப்ப நெனச்சுப் பாத்தேன்க்கா. அம்மா மூஞ்சி, அம்மா சத்தம், கண்ணாடி எல்லாம். கல்லு இங்க வந்து நிக்குது. மேலயும் போக மாட்டேங்குது, கீழயும் போக மாட்டேங்குது.” வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டாள். “அழத் தெரியாமலே போயிருச்சா?”

பொய் சொல்லலாம் என்று நிலோஃபருக்குத் தோன்றியது. இவ்வளவு நேர்மையாகக் கேட்கிற பிள்ளையிடம் அது முடியவில்லை.

“தெரியலை செண்பா. எனக்கும் தெரிஞ்சுக்கணும். தெரிஞ்சா என்கிட்ட சொல்லு.”

மற்ற ஊர்களில் இருந்த பட்டைகளுக்கெல்லாம் அந்தப் பூட்டு போய்ச் சேர ஒரு மாதம் ஆயிற்று. அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை நிலோஃபரின் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது.

முதலில் கடலூரிலிருந்து ஓர் அம்மா. “பட்டை திடீர்னு வேலை செய்யலை மேடம்.”

நிலோஃபர் பதறிப்போனாள். “பாப்பா எப்படி இருக்கா? உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு—”

“பாப்பா நல்லாத்தான் இருக்கா. அவ கழுத்துல இருக்கறது நல்லாத்தான் வேலை செய்யுது. இன்னொண்ணுதான்…”

“இன்னொண்ணு யார் கழுத்துலம்மா வேலை செய்யலை?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அடுத்தது பழனியிலிருந்து ஓர் அப்பா. அதற்கடுத்து ஓசூரிலிருந்து ஒரு பிள்ளையின் அண்ணன், கல்லூரியில் படிப்பவன். பட்டை கெட்டுவிட்டது, மாற்றித் தர முடியுமா என்று எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றார்கள். மதியத்துக்குள் பாதி வீடுகளுக்குமேல் பேசிவிட்டன. செய்தி கேட்டு டாக்டர் வசுமதி வீட்டிலிருந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லார் கோடும் அழகா சாயுதுன்னு சந்தோஷப்பட்டோமே,” என்றார் அவர். “அதுலயும் எவ்வளவு பிள்ளைங்களோடது, எவ்வளவு பெத்தவங்களோடது?”

“இத்தனை நாள் அடக்கினதெல்லாம் இப்ப ஒரே நேரத்துல வருமே டாக்டர்.”

“வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் போகணும். திட்டறதுக்கு இல்ல. பக்கத்துல உட்காரறதுக்கு.”

தொலைபேசி மறுபடியும் அடித்தது. கோவில்பட்டி எண். ஒன்று சங்கரபாண்டி பட்டையைத் திருப்பிக் கேட்கப் போகிறார். அல்லது, கடவுளே, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது.

எடுத்ததும் காதைப் பிளக்கிற ஓலம். அதற்கு மேலே கோமதி கத்தினார்.

“தாயி! செண்பா அழுதுக்கிட்டு இருக்கா!”

“என்ன ஆச்சும்மா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணுமே இல்ல தாயி! ஐஸ் வண்டி வந்துச்சு. சேமியா ஐஸ் வாங்கினா. வாசல்லயே குச்சிய விட்டுக் கீழ விழுந்துருச்சு. அதுக்கு! வேற வாங்கித் தாரேன்ட்டிங்கேன், காதுலயே வாங்க மாட்டேங்கா. அரை மணி நேரமாச்சு. பயமா இருக்கு, என்ன செய்யட்டும்?”

“கழுத்து, முகமெல்லாம் சரியா இருக்கா? வாய் கோணலையே?”

“அழுத வாய் கோணாமயா இருக்கும்? எனக்கு என்ன தெரியும்?”

“சரி, பதறாதீங்க. ரெண்டு கையையும் நேரா நீட்டித் தூக்கச் சொல்லுங்க. பக்கவாதம்னா ஒரு கை நிக்காது, தானா இறங்கிரும்.”

“ஏட்டி செண்பா! ரெண்டு கையையும் தூக்கு! அந்த அக்கா சொல்லுதாக, தூக்குட்டி!”

ஓலத்துக்கு நடுவே ஏதோ சரசரப்பு. டாக்டர் வசுமதி தொலைபேசியின் பக்கம் தலையைச் சாய்த்தார்.

“தூக்கிட்டா தாயி.”

“ரெண்டும் சமமா நிக்குதா? இறங்குதான்னு பார்த்துக்கிட்டே இருங்க.”

“நிக்குது. நட்டு வச்ச மாதிரி நிக்குது. தூக்கிக்கிட்டே அழுதுக்கிட்டு இருக்கா.” கோமதியின் குரல் உடைந்தது. “எந்தம்பியும் கடையப் போட்டுட்டு வந்து அவ பக்கத்துல தரையில உக்காந்துட்டான். ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு. தெருவே எட்டிப் பாக்குது. ஐஸுக்குன்னுதான் தாயி ஆரம்பிச்சா. இப்ப அம்மா அம்மாங்கா.”

நிலோஃபருக்கும் கேட்டது. இரண்டு குரல்கள். ஒன்று கனமாக, ஒன்று கீச்சென்று. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை.

“கைய இறக்கச் சொல்லட்டுமா தாயி? வலிக்கும்லா பிள்ளைக்கு?”

நிலோஃபர் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இறக்கச் சொல்லுங்கம்மா. இறக்கிட்டு அழட்டும்.”